சோற்றைப் பிசைந்தது யார்?

1

பினாங்கில் நான் கால் வைத்து இன்றோடு பன்னிரண்டு வருடம். வழக்கமாக இந்த நாளில் ஊரில் இருக்கும் உங்களுக்கு நீளமாக ஏதாவது எழுதி அனுப்புவேன். புலம்பல் பாதி, பெருமை பாதி இருக்கும். போன வருடம் எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தேன். என் மகள் யாழினி கையால் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள், முள்கரண்டியும் ஸ்பூனும் இல்லாமல் தட்டைத் தொட மாட்டேன் என்கிறாள், பிள்ளைகள் நம்மைவிட்டு எங்கோ போகிறார்கள் என்று கண்ணீர் விடாத குறையாக எழுதியிருக்கிறேன். நீங்களும் படித்துவிட்டு உச்சுக் கொட்டிப் பதில் போட்டீர்கள். அந்தப் புலம்பலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், இன்று மத்தியானம் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் கோமதி, சங்கரன்கோவில்காரி. கணவர் குமரன் பினாங்கிலேயே பிறந்தவர், பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். யாழினிக்குப் பதினொரு வயது, மகன் கவினுக்கு எட்டு. எனக்கு முப்பத்தாறு. இந்த வயதில் நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. படிப்பின் பெயர் ஆக்குபேஷனல் தெரபி.

இந்தப் பெயரைச் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "ஓ.டி. படிக்கிறேன்" என்றால் பக்கத்து வீட்டு அக்கா, நான் ஏதோ தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்க கோமதி" என்கிறார். அம்மாவிடம் போனில் விளக்கினேன். விபத்திலோ நோயிலோ கை கால் விழுந்தவர்களுக்கு மறுபடி சட்டை போட, பட்டன் மாட்ட, குளிக்க, சாப்பிடப் பழக்கிவிடுகிற வைத்தியம் என்றேன்.

"ஏட்டி, இதுக்கா நாலு வருசப் படிப்பு? நான் மூணு பிள்ளைக்குச் சட்ட போட, சோறு திங்கச் சொல்லிக் குடுத்தேன். எந்தக் காலேஜுக்குட்டி போனேன்?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அம்மா சொன்னதில்தான் என்னுடைய பெரிய தப்பு ஒளிந்துகொண்டு இருந்தது.

2

கல்லூரியில் என் பெயர் ஆறுமுகம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை, அப்பா பெயர்தான் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. கவுண்டரில் இருந்த பெண் அப்பா பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து வருகைப் பதிவில், அடையாள அட்டையில், சட்டையில் குத்தும் வில்லையில் எல்லாம் நான் ஆறுமுகம். ஊரில் அப்பா பெயரைச் சொல்லிவிட்டால் வாயில் அடி விழும். இங்கே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, "ஆறுமுகம், அசைன்மென்ட் அனுப்பிட்டியா?" என்று கத்துகிறார்கள். அப்பாவுக்கு இதில் மிகுந்த சந்தோஷம். தானே கல்லூரிக்குப் போகிற மாதிரி இருக்கிறதாம்.

சேர்வதற்கே ஒரு வருடம் அலைந்தேன். பிளஸ் டூ சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு சாப்பு. முத்திரை குத்துவதை இங்கே சாப்பு அடிப்பது என்பார்கள். சாப்பு மங்கலாக விழுந்துவிட்டதென்று இன்னொரு சாப்பு. இந்த நாட்டில் எந்தக் காகிதத்துக்கும் அது விழுந்த பிறகுதான் உயிர். எங்கள் பயிற்சியும் அப்படித்தான். மருத்துவமனையில் ஆயிரம் மணி நேரம் நோயாளிகளோடு வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் மேற்பார்வையாளர் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுச் சாப்பு அடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'திருப்தி' அல்லது 'திருப்தி இல்லை' என்று ஒரு பெரிய சாப்பு உண்டு.

இந்தச் சுற்று எட்டு வாரம். காலை ஐந்தரைக்கு எழுந்தால் பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவது செய்து, மத்தியானச் சோறு வைத்து, யாழினிக்குப் பின்னல் போட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே முன்கைத் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வேன். எதிரில் இருப்பவர் கைப்பிடியைப் பிடித்திருந்தால் அவர் கையிலேயே தேடிப் படித்துவிடுவேன். ஒரு சீனத் தாத்தா ஒருநாள் கையை இழுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மருத்துவமனைப் படிகளை ஒவ்வொரு நாளும் இரண்டிரண்டாக ஏறுவேன். பத்து வருடம் கரண்டி பிடித்த கையால் இப்போது ஒருவருடைய மணிக்கட்டைப் பிடித்து, "மெதுவாகத் திருப்புங்கள்" என்கிறேன், அது திரும்புகிறது! இந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு விலை கொடுத்தவர் குமரன். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு அழைத்துவர ஆள் வேண்டுமென்று இந்த எட்டு வாரத்துக்கு மட்டும் இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மேலதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார்: ஒரு தடவைதான், அடுத்த தடவை கேட்டு வரக் கூடாது. ஆகவே இந்தச் சுற்றில் நான் தவறினால் மறுபடி செய்ய வழி இல்லை, படிப்பே நின்றுவிடும். எங்கள் இருவருக்கும் இது தெரியும். வீட்டில் பேசிக்கொண்டதில்லை.

3

முதல் வாரத்தில் எனக்குக் கொடுத்த நோயாளி ஜமால் அண்ணன். ஐம்பத்தாறு வயது. நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சோற்றின் மேல் மீன், ஆடு, கோழி என்று நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஊற்றித் தருகிற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக்கடை அது. பினாங்கில் அந்தத் தட்டுக்காகச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முப்பது வருடம் அந்த வரிசைக்கு எதிரே கரண்டியோடு நின்ற மனிதர். பக்கவாதம் வலது பக்கத்தைத் தாக்கி இரண்டு மாதமாகியிருந்தது. நடை ஓரளவு வந்துவிட்டது. கையை மூடித் திறக்க முடியும், விரல்கள்தான் தனித்தனியாக எதுவும் கேட்பதில்லை.

வீட்டிலிருந்துதான் பயிற்சிக்கு வந்துபோனார், கூடவே எப்போதும் அவர் மனைவி ஹமீதா அக்கா வருவார். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது அக்காதான்.

"அண்ணே, ராத்திரி தூக்கம் எப்படி?"

"நல்லாத் தூங்குறாரும்மா."

"வலி இருக்கா?"

"தோள்பட்டைலதான் லா. தைலம் போட்டு விட்டேன்."

இந்த 'லா' இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் சொல். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அக்காவின் பிரியத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். செருப்பு மாட்டிவிடுவார், வாய் துடைத்துவிடுவார். நானும் சளைத்தவள் இல்லை. அண்ணன் பட்டனோடு போராடினால் என் கை தானாக நீண்டு மாட்டிவிடும்.

நோயாளி எதை எந்த அளவுக்குத் தானே செய்கிறார் என்று ஒன்று முதல் ஏழு வரை எண் போட வேண்டும். ஏழு என்றால் எவர் உதவியும் வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம். ஐந்து என்றால் யாராவது எடுத்து வைத்துக் கொடுத்தால் செய்வார். இரண்டாம் வாரம் சாப்பாட்டுக்கு எண் போடும் நாள். அக்கா டிபன் கேரியரைத் திறந்தார். "அண்ணன் தானே சாப்பிடுறாராக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, அவரே அள்ளிச் சாப்பிடுவாரு. நான் ஊட்டுறதெல்லாம் இல்ல."

என் கண்ணாலும் பார்த்தேன். அண்ணன் உருண்டையை எடுத்தார், வாயில் போட்டார், மென்றார். ஒரு பருக்கை சிந்தவில்லை. எனக்கு ஒரே குஷி. ஏழு என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அந்த எண்ணை நம்பி, அண்ணனுக்கு ஒதுக்கியிருந்த சாப்பாட்டுப் பயிற்சி நேரத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே, அம்மா எவர்சில்வர் சட்டியில் சோற்றையும் குழம்பையும் போட்டுப் பிசைவாள். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவோம். உள்ளங்கையில் ஓர் உருண்டை, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, அதில் சொட்டுக் குழம்பு. நாங்களாகத்தான் சாப்பிட்டோம் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அம்மா பிசைந்தது உதவி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குப் பதின்மூன்று வயது வரை அப்படித்தான். கல்யாணமாகி வந்து, பிள்ளை பெற்று, நானும் அதையே செய்தேன், செய்கிறேன். ஆகவே ஹமீதா அக்கா என் கண் முன்னால், என்னிடம் பேசிக்கொண்டே, சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் எடுத்து, உருட்டித் தட்டில் வரிசையாக வைத்தது என் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

4

என் மேற்பார்வையாளர் மேடம் லிம். என்னைவிட நான்கு வயது சின்னவர், பினாங்குச் சீனப் பெண், நறுக்கென்று பேசுவார். ஐந்தாம் வாரம், பாதிச் சுற்று மதிப்பீட்டின் ஒரு பகுதியாக, ஜமால் அண்ணன் சாப்பிடுவதைப் பார்க்க வந்தார். அன்று பார்த்து அக்கா, மகள் வீட்டு விசேஷத்துக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாக் மண்டினுக்குப் போய்விட்டார். சாப்பாடு மருத்துவமனைச் சமையலறையிலிருந்து வந்தது. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு.

அண்ணன் சோற்றின் மேல் கையை வைத்தார். விரல்கள் ஐந்தும் ஒன்றாக மூடின, ஒன்றாகத் திறந்தன. குழம்பு ஒரு பக்கமாக வழிந்து மேசைக்கு வந்தது. மறுபடி முயன்றார். சோறு தட்டைவிட்டு மடியில் விழுந்தது. அவர் கையை எடுத்துத் துண்டால் மூடிக்கொண்டு, "பசிக்கல" என்றார். நான் அவரோடு பழகிய ஐந்து வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பதில் அதுதான்.

மேடம் லிம் என் படிவத்தைப் பார்த்தார். அடிக்கோடு போட்ட ஏழைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், சத்தமே உயர்த்தாமல் கேட்டார்: "ஆறுமுகம், நீ எண் போட்ட அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தது யார்?"

எனக்குக் காது மடல் சுட்டது. "அவர் மனைவி" என்றேன்.

"உருட்டியது?"

"அவர் மனைவி."

"அப்படியானால் நீ எண் போட்டது யாருக்கு?"

பாதிச் சுற்று மதிப்பீட்டில் 'திருப்தி இல்லை' என்று சாப்பு விழுந்தது. இன்னும் மூன்று வாரம் இருந்தது. "உனக்கு அறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, உன் கைதான் பிரச்சினை" என்றார் மேடம் லிம். "அவர் செய்ய வேண்டியதை உன் கை செய்துவிடுகிறது. அது போதாதென்று, மற்றவர்கள் செய்வதும் உனக்குத் தெரிவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள், இல்லை என்றால் அதன் மேலேயே உட்கார்."

அன்று வீட்டுக்கு வந்து குமரனிடம் சொன்னேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டு இருந்தவர் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "எங்க ஃபேக்டரிலயும் அப்படித்தான் லா. மிஷின் தானா ஓடுதுன்னு ரிப்போர்ட் எழுதுவானுங்க, போய்ப் பாத்தா ஒருத்தன் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு இருப்பான்" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

5

ஜமால் அண்ணன் அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். நான் ஹமீதா அக்காவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. நீங்களே சாப்பிடுறீங்கன்னு தப்பா எழுதிட்டேன்."

"நீ ஏழு போட்டப்பவே எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"நல்ல மார்க் குடுத்தா யாரும்மா வேணாம்னு சொல்லுவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?"

அவர் வாசல் கதவைப் பார்த்தார். அங்கே பதில் சொல்ல அக்கா இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைல நிக்கணும். கறி ஊத்தணும். என் பெரியவன் ஊத்துறான் பாரு, மீன் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். தனித்தனியா ஊத்துனா அது நாசி கண்டாரா? ஒண்ணு மேல ஒண்ணு விழணும், சோத்துக்குள்ள எறங்கணும். அதுக்குக் கைல ஒரு கணக்கு இருக்கு. அப்புறம் அதே தட்டுல நானே பெசஞ்சு சாப்பிடணும். இவ உருட்டி வைக்கிறப்பல்லாம் நான் அவளுக்குப் பேரப்புள்ள மாதிரி இருக்கு."

அன்று மாலை பஸ்ஸில் நிற்கக்கூட முடியவில்லை, அத்தனை யோசனை. எங்கள் பாடப்புத்தகத்தில் ஸ்பூனால் சாப்பிடுவதைப் படிப்படியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள், சாப்ஸ்டிக்கால் சாப்பிடுவதும் உண்டு. நம் ஆட்கள் சோறு பிசைந்து சாப்பிடுவது மட்டும் இல்லை. நானே எழுதினேன். சமையலறை மேசையில் ஒரு தட்டுச் சோற்றை வைத்துக்கொண்டு என் கையையே வேவு பார்த்தேன். விரல் நுனிகள் குழம்பை இழுக்கின்றன. நடுவிரலும் மோதிரவிரலும் சோற்றை மடிக்கின்றன. சுண்டுவிரல் அணை கட்டுகிறது. கட்டைவிரல் கடைசியில் உள்ளே தள்ளுகிறது. உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. பதினொரு படி வந்தது! அம்மா போனில் பார்த்துவிட்டு, "சோத்த வச்சுக்கிட்டு என்னட்டி முழிச்சுக்கிட்டு இருக்க?" என்றாள்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் மறுநாள் வந்தது. எது சுலபம், எது கஷ்டம் என்று வரிசைப்படுத்த உட்கார்ந்தேன். தயிர்ச் சோறு குழந்தைக்குக்கூட வசப்படும், கையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து பருப்பும் நெய்யும். பிறகு சாம்பார். அதற்குப் பிறகு மீன் குழம்பு, முள் வேறு எடுக்க வேண்டும். உச்சியில் ரசம், பிடிபடவே படாது. ஒரு முழுச் சிகிச்சைத் திட்டமே நம் அடுப்பில் ஆறிக்கொண்டு இருந்திருக்கிறது! மேடம் லிம் என் தாளை இரண்டு முறை படித்தார். "ரசம் என்பது அந்தத் தண்ணீர் மாதிரி இருப்பதுதானே? அதைக் கையால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். செய்து காட்டினேன். "மை காட்" என்றார். அது பாராட்டுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள்கள் இந்த ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயின் மாவோடு போயின. கடையிலிருந்தே மாவு வந்தது. அண்ணன் அதைக் குத்தினார், கிள்ளினார், திட்டினார். பிடியில் பஞ்சு சுற்றித் தடிமனாக்கிய கரண்டியால் முதலில் தண்ணீர் அள்ளினார், அப்புறம் பருப்பு. தயிர்ச் சோறு நான்காம் நாளே வந்துவிட்டது. சாம்பாரில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டோம். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு இருந்த வேலை, என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருப்பது. அதைவிடக் கஷ்டமான வேலை இந்தப் படிப்பில் வேறு இல்லை. ஹமீதா அக்காவையும் அழைத்து என் பக்கத்தில் அதே மாதிரி உட்காரவைத்தேன்.

"இது என்னம்மா தண்டனை? அவரு கஷ்டப்படுறாரு, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஆமாக்கா. நானும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு வேற என்ன வேல இருக்கு சொல்லு? அவருக்குச் செய்யுறதுதான்" என்றார் அக்கா. கண் நிறைந்துவிட்டது. நான் அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. கவினுக்குத் தட்டில் சோற்றையும் ரசத்தையும் தனியாக வைத்து, "நீயே பிசை" என்றேன். எடுத்த எடுப்பிலேயே ரசம்! ஆர்வக்கோளாறு. மேசை, சட்டை, தரை எல்லாம் வெள்ளம். அவனுக்குப் படு குஷி, தினமும் இதே விளையாட்டு வேண்டும் என்றான். யாழினி தன் ஸ்பூனோடு தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டாள்.

6

இன்று மத்தியானம் கடைசி மதிப்பீடு. எங்கள் பிரிவில் பயிற்சிக்கென்று ஒரு சின்னச் சமையலறை உண்டு. மேடம் லிம், கல்லூரியிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர், நான், அக்கா. மேசையில் சோறு, கடையிலிருந்து வந்த மூன்று குழம்புகள். அண்ணன் வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். பட்டன் எல்லாம் தானே போட்டாராம், காலையில் ஐந்தரைக்கே ஆரம்பித்தாராம்.

கை கழுவினார். விளிம்பு உயர்ந்த தட்டில் சோறு வைத்தார். தடித்த பிடி போட்ட கரண்டியை எடுத்தார். முதலில் மீன் குழம்பு, அதன் மேல் கோழி. மூன்றாவதாக ஆட்டுக் குழம்பு. கரண்டி பாத்திரத்திலிருந்து மேலே வந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. குழம்பு விளிம்பில் தளும்பியது. ஹமீதா அக்காவின் கை பறந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் கையும்தான். இத்தனை பாடத்துக்குப் பிறகும், அந்த ஒரு நொடியில், மூன்று வருடப் படிப்பும் குமரனின் எட்டு வார ராத்திரிகளும் என் கையிலிருந்து நழுவப் பார்த்தன.

"ரெண்டு பேரும் கைய எடுங்க லா!"

கடை முதலாளியின் குரல். வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற குரல். இரண்டு பேரும் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டோம். கரண்டி அந்தரத்தில் நின்றது. மெல்லச் சாய்ந்தது. ஆட்டுக் குழம்பு கோழிக் குழம்பின் மேல் விழுந்து, மீன் குழம்பு வரை இறங்கி, சோற்றுக்குள் போனது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு பிசைந்தார். மடிப்பு கொஞ்சம் கோணல். நாலு பருக்கை உள்ளங்கையில் ஒட்டியது. எடுத்தார், கட்டைவிரல் தள்ளியது, வாய்க்குள் போனது. தட்டு காலியாக முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

விரிவுரையாளர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "எண் போடு."

ஏழு என்று எழுதக் கை துடித்தது. எழுதினால் எல்லாருக்கும் சந்தோஷம். நான் ஆறு என்று எழுதினேன். அடிக்கோடு போடவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆறா?"

"ஆமாண்ணே. பிடி தடிச்ச கரண்டி, வெளிம்பு தட்டு, நேரமும் கூட. கருவி இருந்தா ஆறுதான்."

"இவ பெசஞ்சு வச்சு நான் சோம்பேறியா முழுங்குனப்ப ஏழு. இப்ப நானே கஷ்டப்பட்டுச் சாப்பிட்டா ஆறு! இது என்ன கணக்கு?"

மேடம் லிம்முக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பயிற்சிப் புத்தகத்தை இழுத்து, சாப்பை மைப்பெட்டியில் அழுத்தி, 'திருப்தி' என்று அடித்தார். மங்கவே இல்லை, நீலம் பளிச்சென்று விழுந்தது. நான் அந்த இடத்திலேயே அழுதேன். ஹமீதா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அண்ணன் தட்டைத் தானே கழுவப் போய்விட்டார், அது பரீட்சையில் இல்லாத வேலை.

7

வீட்டுக்குப் பறந்து வந்தேன். குமரன் தூங்கி எழுந்து நின்றார். புத்தகத்தைக் காட்டியதும் பதினோராவது மாடி அதிரும்படி ஒரு கூச்சல் போட்டார். கவின் காரணம் தெரியாமலே குதித்தான். இட்லிப் பாத்திரத்தில் அரிசியைப் போட்டேன், அப்படி ஒரு பதற்றமான சந்தோஷம். நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன், அண்ணன் குரலில் "கைய எடுங்க லா" வரை.

எல்லாரும் சிரித்தார்கள். யாழினி மட்டும் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, அந்த அங்கிளுக்கு எத்தன நாள் ஆச்சு? பிசையக் கத்துக்க?"

"மூணு வாரம். ஏன்டா?"

"எனக்கும் தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

"பிசைய. நீங்கதான் எப்பவும் பிசைஞ்சு குடுத்தீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல் கேம்ப்ல தட்டுல தனித்தனியா போட்டாங்க. எல்லாரும் கையால சாப்பிட்டாங்க. எனக்கு எப்படின்னு தெரியல. கீழ எல்லாம் கொட்டிட்டேன். குட்டிப் பாப்பான்னு சிரிச்சாங்க. அதான் ஸ்பூன்தான் பிடிக்கும்னு உங்ககிட்ட சொன்னேன்."

இரண்டு வருடம். என் பிள்ளை மாறிப்போனாள், இந்த ஊர் அவளை இழுத்துக்கொண்டது என்று நான் ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டு இருந்த இரண்டு வருடம். அவள் எங்கும் போகவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய கை என்னுடையதுதான், அந்தக் கை அவளுக்குப் பதிலாகப் பிசைந்துகொண்டே இருந்தது. போன வருடக் கடிதத்தில் நான் எழுதிய அந்த வரிகளை நீங்கள் அடித்துவிடுங்கள்.

ஒரு தட்டில் சோறு வைத்தேன், பக்கத்தில் தயிர். ரசம் இல்லை, இந்த முறை வரிசை தவறவில்லை. யாழினி ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை வைத்தாள். விரல்கள் ஐந்தும் ஒன்றாக மூடின, ஒன்றாகத் திறந்தன. சோறு ஒரு பக்கம் ஓடியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, சுசா லா."

"கஷ்டம்தான்டா" என்றேன்.

மறுபடி கையை வைத்தாள். அவள் தட்டு காலியாகும்போது என் இரண்டு கையும் தொடைக்கு அடியில் மரத்துப் போயிருந்தன.